மூன்றாம் மாடி வகுப்பில் நடக்கும் சதி குறித்து

அனுப்புநர்:
விரிவுரையாளர் (திட்ட மேலாண்மை அடிப்படைகள்),
மூன்றாம் மாடி, கடைசி அறை,
வணிகவியல் கட்டடம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எனக்கு எதிராகத் தீட்டியுள்ள திட்டத்தை விசாரிக்கக் கோருதல்.

இணைப்பு: மாணவர் கைப்பட வரைந்த அட்டவணை, ஒரு தாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினெட்டு ஆண்டுகளாக இங்கே பாடம் நடத்தும் நான் இதுவரை யார் மீதும் புகார் எழுதியதில்லை. ஆசிரியர் புகார்ப் படிவம் ஒருவருக்குப் பருவத்துக்கு ஒன்றுதான் என்றும், அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்றும் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. எனவே ஒவ்வொரு சொல்லையும் யோசித்தே எழுதுகிறேன்.

2. ஒரு மாதமாக இந்த வகுப்பு அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கிறது. மணி அடிக்குமுன் எல்லோரும் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சந்தேகம் கேட்கக் கை தூக்குகிறார்கள். முப்பது பேர் ஒரே வாரத்தில் திருந்தியதை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை. முதல் வரிசை மேசையில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கைப்பேசி கவிழ்த்து வைக்கப்படுகிறது. யாருடையது என்று கேட்டால் எல்லோரும் கரும்பலகையைப் பார்க்கிறார்கள். என் பேச்சைப் பதிவு செய்து எங்கோ அனுப்புகிறார்கள் என்பது என் ஐயம்.

3. கட்டடத்தின் லிஃப்ட் பதினொரு மாதமாகப் பழுது. நான் அறுபத்தாறு படி ஏறித்தான் வகுப்புக்குப் போகிறேன். சென்ற வாரம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, தூணுக்குப் பின்னால் வகுப்புத் தலைவன் கடிகாரத்தைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டிருந்தான். (எதற்கெடுத்தாலும் கட்டம் போடுவதால் அவனுக்கு 'அட்டவணை' என்றே பெயர்.) என்னடா செய்கிறாய் என்றதற்கு, "சும்மாதான் மேடம்" என்றான். சும்மா நிற்பவன் கையில் பேனா எதற்கு? இந்த அம்மாவால் மாடி ஏற முடியவில்லை என்று நிரூபித்து என்னை வீட்டுக்கு அனுப்பத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்கு அப்போதே உறைத்தது.

4. ஆசிரியர் ஓய்வறையின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று காணாமல் போய், தரைத்தளப் படிக்கட்டின் அடியில் கிடைத்தது. அதன் இரு பக்கமும் இரும்புக் குழாய் வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். என் உருவ பொம்மையை உட்காரவைத்து ஊர்வலம் விடப்போகிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

5. கடந்த வெள்ளியன்று என் மேசை இழுப்பறையில் இத்துடன் இணைக்கும் அட்டவணைத் தாள் கிடைத்தது. பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளரைப் போடு, கெடு வை, எது கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே எழுதி மாற்று வழியையும் எழுது என்று நான் கற்பித்ததை அப்படியே என் மீதே பிரயோகித்திருக்கிறார்கள். 'மேடம் படியேறும் நேரத்தை அளத்தல்' என்று ஒரு பணி. 'மேடம் எங்கே நின்று இளைப்பாறுகிறார் எனக் குறித்தல்' என்று இன்னொன்று. எட்டுப் பணிகளும் இந்த ரகம்தான். கோடுகள் அடிக்கோல் வைக்காமலே நேராக இருக்கின்றன. அப்படிக் கோடு போடுபவர் அந்த வகுப்பில் ஒருவர்தான் என்று கேள்வி. 'ஸ்கேல்' என்று கூப்பிடுவார்களாம். ஒருநாள்கூட வகுப்புக்கு வராததால் நான் முகம் பார்த்ததில்லை. பதினொரு முறை வராதவர் என்று குறித்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஆனால் தேர்வெழுத முடியாது. வகுப்புக்கே வராமல் சதிக்குத் தலைமை தாங்கும் இவரை இப்போதே தேர்விலிருந்து நிறுத்திவைக்குமாறு கோருகிறேன்.

6. மேற்படி தாளை இத்துடன் இணைக்கிறேன்.

7. ஐயா, இணைப்பின் பின்பக்கத்தில் எண் இட வேண்டும் என்பது தங்கள் அலுவலக விதி. எண் இடுவதற்காகத் தாளை இப்போதுதான் திருப்பினேன். பின்பக்கமும் எழுதியிருக்கிறது. உள்ளபடியே கீழே தருகிறேன்.

"பணி 9. லிஃப்ட் பற்றி மேடத்திடம் கேட்டல். முடிந்தது. பதில்: 'அது என் வேலை இல்லப்பா. இந்த வயசுல படியேறினா தேய்ஞ்சா போயிடுவீங்க?'

பணி 10. பதிவாளருக்கு மாணவர் மனு. மூன்று தடவை. பதில்: 'வச்சுட்டுப் போங்க, பாக்கலாம்.' பதிவு எண் தரவில்லை.

பணி 11. ஸ்கேலை நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கிச் செல்லுதல். இரண்டாம் மாடியில் குழாய் நழுவியது. கைவிடப்பட்டது. லிஃப்ட் சரியாகும் வரை அவள் ஊன்றுகோலோடு கீழ்ப்படி வரை வந்து, அங்கே உட்கார்ந்து போனில் பாடம் கேட்பாள். நடக்கிறது.

பணி 12. ஆசிரியர் புகாருக்குத்தான் பதிவு எண் உண்டு, பதினைந்து நாளில் பதில் கட்டாயம். மேடம் நமக்காக எழுத மாட்டாங்க. நம்ம மேல எழுதுவாங்க. முன்பக்கத்துப் பணி எட்டும் அதுக்குத்தான், தாளை அவங்க இழுப்பறையில வச்சுடணும். பொறுப்பு: மேடம். கெடு: திங்கள், நாலு மணி.

இடர்: மேடம் பின்பக்கம் பார்க்காமலே அனுப்பிவிடலாம். மாற்று வழி: தேவையில்லை. இணைப்போடு இதுவும் பதிவாகிவிடும்."

8. இன்று திங்கள்.

9. இதைப் படித்ததும் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, பணி 9-இல் உள்ள வாக்கியத்தை நான் சொன்னேனா என்று யோசித்தேன். சொன்னேன். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தைக் கிழித்துப் போடவும் மனம் வந்தது, ஆனால் இந்தப் பருவத்துக்கு வேறு படிவம் இல்லை. வெட்கமாக இருக்கிறது. பத்தி 2 முதல் 6 வரை அடிக்க வழியில்லாததால் அவை அப்படியே நிற்கட்டும். என் மீதான சாட்சியமாக அவற்றைத் தாங்கள் படித்துக்கொள்ளலாம்.

10. ஆகவே, பொருளில் கண்ட கோரிக்கையையும் பத்தி 5-இன் கடைசி வரியையும் திரும்பப் பெறுகிறேன். லிஃப்டைப் பதினைந்து நாளில் பழுது நீக்க வேண்டும். முடியாதெனில் உடைந்த பெஞ்சுகளை அடைத்து வைத்திருக்கும் தரைத்தள அறையைக் காலி செய்து தர வேண்டும். பெஞ்சுகளை அப்புறப்படுத்தும் வேலைக்கு முப்பது பேர் இருக்கிறார்கள், அட்டவணையும் கட்டாயம் தயாராகத்தான் இருக்கும். அறை கிடைக்கும் வரை நான் கீழ்ப்படியில் வகுப்பெடுப்பேன். அந்தப் பதினொரு நாளும் 'ஸ்கேல்' பாடத்துக்கு வந்தவர் என்று வருகைப் பதிவேட்டில் திருத்தவும் அனுமதி வேண்டும்.

11. மூன்று மாணவர் மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் எங்கே போயின என்பது குறித்தும் எனக்கு ஐயம் உண்டு. எனவே இதை நானே நேரில் தந்து, பதிவு எண்ணை வாங்கிய பிறகுதான் அங்கிருந்து நகர்வேன்.

12. கீழே இறங்கி வந்துவிட்டேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மடியில் நோட்டுடன் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் போனை மறைக்கப் பார்த்தார். மணி மூன்று நாற்பது. கையொப்பமிட அவர் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்டேன். நகர்ந்து உட்கார்ந்தார்.

நடவடிக்கையை எதிர்பார்த்து,

விரிவுரையாளர்
(பணி 12-இன் பொறுப்பாளர்)

நாள்: திங்கட்கிழமை, கெடுவுக்கு இருபது நிமிடம் முன்பு.
இடம்: வணிகவியல் கட்டடம், கீழ்ப்படி.