காலர் அட்டையில் இருந்த எண்

அன்பு மகள் சின்னுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வருவதுதான் என் வழக்கம், இந்த முறை அந்த வரி வரமாட்டேன் என்கிறது. அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், நடமாடுகிறாள், என்னைத் திட்டுகிறாள், அதனால் பதறாமல் உட்கார்ந்து முழுவதையும் படி. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அம்மா குளிக்கிறாள் என்றேன் அல்லவா, அது பொய். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள், நான் வராந்தாவில் நின்றுகொண்டு உன்னிடம் அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நம் வாசல் தையல்கடையின் வெட்டுமேசையில் வைத்து எழுதுகிறேன், பஸ் டிரைவர்களின் சட்டைத் துணி ஒரு பக்கம் காத்துக்கிடக்கிறது, நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து உள்ளே போய் அவள் மூச்சைப் பார்த்துவிட்டு வருகிறேன். மூன்றாம் தடவை போனபோது, நான் என்ன அடுப்பில் வைத்த பாலா என்று கேட்டுத் துரத்திவிட்டாள்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சு கனக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றாள். பதினோரு வருடமாக அவளுடைய சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான், காலில் வீக்கம் வரும் போகும், ஆனால் நெஞ்சு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு மணி நேரத்தில் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தாள். ட்ரோபோனின் என்று போட்டிருந்தது, இதயத் தசைக்கு அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற பொருளாம். பதினாலுக்குள் இருக்க வேண்டும், அம்மாவுக்கு அறுபத்தொன்று, பக்கத்தில் கறுப்பாக மேலே பார்த்த அம்புக்குறி. பதினாலு அங்குலக் கழுத்துக்கு அறுபத்தொரு அங்குலத்தில் காலர் வைத்த மாதிரி இருந்தது எனக்கு. உன் மாமாவுக்குப் போன் போட்டு ஹார்ட் அட்டாக் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு காலிலும் வெவ்வேறு செருப்போடு வந்து நின்றார், அதற்குள் அத்தை தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள், மத்தியானத்துக்குள் எதிர்வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்க்கவே வந்துவிட்டார். அவரை உட்கார வைத்து ஆறுதல் சொன்னது உன் அம்மாதான்.

இதய டாக்டரம்மாவுக்கு வயது உன்னைவிட நாலைந்து கூட இருக்கும், நிதானமான பெண். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இந்த எண் எந்நாளும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நிற்கும் என்றாள், அதனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாதாம், ஏறுகிறதா அப்படியே நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுப்போம், அதோடு முன்னால் எப்போதாவது எடுத்திருந்தால் அதையும் கொடுங்கள் என்றாள். போன வருடம் கால் வீங்கியபோது எடுத்திருந்தோம். பழைய எண்ணும் இதே மாதிரி இருந்தால் அவசரப்பட வேண்டாம், அது குறைவாக இருந்து இப்போது கூடியிருந்தால் சாயம் செலுத்தி இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்தாக வேண்டும், அந்தச் சாயம் மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் கெடுத்துவிடக்கூடும், அப்புறம் டயாலிசிஸில் போய் நிற்கலாம், இதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். எடுத்தால் ஒரு பயம், எடுக்காவிட்டால் ஒரு பயம். அந்தப் பழைய தாள் எங்கே என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

சின்னு, அந்தத் தாளை நான் வெட்டிவிட்டேன். வழக்கமாக ரத்தம் கொடுக்கிற பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட்டை நல்ல தடிமனான தாளில் கொடுப்பார்கள், ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் காலர், கை முனையில் வருகிற கஃப் என்று அளவு அட்டை வெட்டி ஆணியில் மாட்டிவைக்க அதைவிடத் தோதான தாள் கிடைக்காது. சிக்கனம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன், நிஜம் அது இல்லை. அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான் வந்த அன்றைக்கே கத்தரியை வைத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் நார்மல்தான் நார்மல்தான் என்பேன், டாக்டர் அறையில்கூட அவளைப் பேசவிடாமல் நானே முந்திக்கொள்வேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நகல் வாங்கலாம் என்றால் அந்தக் கூடம் பூட்டியிருந்தது. தாள் வீட்டில் இருக்கிறது, தேடி எடுத்து வருகிறேன் என்று ஏதோ உளறிக்கொண்டே எழுந்தேன், அப்போது கட்டிலில் இருந்து உன் அம்மா பேசினாள். "போன வருஷம் அம்பத்தெட்டு, டாக்டர். கடையில, பெரிய உடம்பு பஸ் டிரைவரோட காலர் அட்டையில இருக்கு."

எல்லா அட்டையையும் அவள் திருப்பிப் பார்த்திருக்கிறாள். நான் சாப்பிடப் போகிற நேரத்தில் ஆணியில் இருந்து கழற்றி, காலர் ஒரு துண்டு கஃப் ஒரு துண்டு என்று சேர்த்து வைத்து, பல வருடமாகத் தன் வியாதியைப் படித்துக்கொண்டிருக்கிறாள். உன் மாமா அதே செருப்போடு கடைக்கு ஓடி அதைக் கொண்டுவந்தார். டாக்டரம்மா அந்தக் காலரை வெளிச்சத்தில் பிடித்து, தேதி, பெயர், எண் எல்லாம் கழுத்து வளைவுக்குள் தப்பித்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அதில் ஐம்பத்தெட்டுதான் இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் அறுபத்திரண்டு. ஈசிஜியில் புதிதாக எதுவும் இல்லை, ஸ்கேனிலும் இதயம் சுருங்கி விரிவதில் கோளாறு இல்லை. இப்போது அட்டாக் நடக்கிற மாதிரி தெரியவில்லை, உடம்பில் தண்ணீர் சேர்ந்ததுதான் மூச்சு வாங்கக் காரணமாக இருக்கலாம் என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினாள். தாளில் அச்சடித்திருக்கிற பதினாலு ஊருக்குப் பொதுவான அளவு, இவங்களுக்கு இவங்க பழைய அளவுதான் அளவு என்றாள். நாற்பது வருடமாக டேப்பைக் கழுத்தில் போட்டிருப்பவனுக்கு இதை ஒரு பெண் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வருகிற மாதம் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். எண் ஏறியிருந்தால், இல்லை மறுபடி நெஞ்சு கனத்தால், சிறுநீரகம் என்ன ஆனாலும் படம் எடுத்துத்தான் தீர வேண்டும். நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வெட்டிவைத்தேன். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் அவள் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "நீங்க நார்மல்னு சொல்றப்பல்லாம் நான் தனியா உக்காந்து பயந்தேன்." அவளுக்குப் பயம் வரக்கூடாது என்று நினைத்தேன், அவள் பயத்துக்குத் துணையாக ஆள் இல்லாமல் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது சின்னு. இனி ரிப்போர்ட்டை வாங்கியதும் மடிப்பைப் பிரிக்காமல் அவள் கையில்தான் கொடுப்பேன்.

நீ அவசரப்பட்டு லீவு போட்டுக் கிளம்பி வராதே, அந்த ஐந்தாம் தேதி எண் தெரிந்த பிறகு வேண்டுமானால் வா. இந்த எண்ணை இன்டர்நெட்டில் தேடாதே, மாமா தேடிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீயும் வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, வருடத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துவிடு, பார்த்ததை எங்களிடம் உள்ளபடி சொல். மாப்பிள்ளைக்கு அனுப்பிய சட்டையில் தோள் பிடித்தால் தையலைப் பிரித்துவிடலாம், உள்ளே துணி விட்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு. அந்த வியாழக்கிழமை போன் செய்ய மறக்காதே.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
அப்பா

சின்னு, அம்மா எழுதுகிறேன். கவரில் போடுமுன் வாங்கிப் படித்தேன், எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. நெஞ்சு கனத்தது அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கு முன்னாலேயே நாலு நாள் இருந்தது. அவர் டீ வாங்கப் போனபோது டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இதை நான் ஒட்டாமல்தான் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். ஒட்டுவதற்கு முன் எப்படியும் ஒரு தடவை படித்துப் பார்ப்பார்.