நாக்குக்கு அடியில்

ஜூன் 4
மாத்திரையை விழுங்கினால் மட்டும் போதாதாம். "ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க." கட்டின பெண்டாட்டியா, சோதனைச் சாவடியா?

இந்த மாத்திரையோடு ஒரு சொட்டுக் குடித்தாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இனி என் முகமே எனக்கு எதிர்சாட்சி. அதிலும் இவள், இன்னொரு தடவை குடித்தால் பொண்ணோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாளாம். சொன்னால் செய்கிறவள்.

ஜூன் 9
மழை. பட்டறைக் கதவையெல்லாம் சாத்திவிட்டு உள்ளேயே பெரிய அலமாரிக்குப் பாலிஷ் போட்டேன். டீ குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் எரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. குழாயடியில் வாந்தி.

நான் குடிக்கவில்லை. சத்தியமாக இல்லை!

"என்ன மாப்ளே, ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தான் பட்டறையில் கூட வேலை செய்கிற மீசை. டீ வாங்கி வந்தவன் அவன்தான். நான் நிறுத்தியதிலிருந்து அவனுக்குக் குடிக்கக் கூட்டாளி இல்லை. டீயில் எதையாவது ஊற்றினானா?

ஜூன் 10
நேற்று என் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்றாள். இன்று பரண்மேல் இருந்த ஊருக்குப் போகிற பை கீழே இருக்கிறது.

ஜூன் 12
மீசை தந்த டீயைத் தொடவில்லை. தண்ணீர்கூட வீட்டிலிருந்து கொண்டுபோனேன். மழை விடாததால் கதவைச் சாத்தியபடியேதான் பாலிஷ். மத்தியானம் மறுபடியும் அதே எரிச்சல், அதே படபடப்பு.

அப்போ அவன் இல்லை. அப்புறம் யாரு? காலையில் காபி தருவது இவள்தானே... அண்ணன் வீட்டுக்குப் போக ஒரு சாக்கு வேணுமா இவளுக்கு? சீ, என்ன புத்தி இது. ஆனாலும் தோன்றியது, எழுதிவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு
நாள் முழுக்க அவள் கையால்தான் சாப்பாடு. ஒன்றும் ஆகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஜூன் 16
டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். "ரத்தத்தைச் சோதிச்சிடுங்க. குடிச்சாரா இல்லையான்னு இன்னைக்கே தெரிஞ்சிடட்டும்."

டாக்டரம்மா நாடி பிடிக்கக் குனிந்தவர் என் கையை மோந்து பார்த்தார்.

"என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"மரவேலைங்க."

"தச்சு வேலையா?"

"இல்லீங்க, பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுத் துணியால தேய்ப்போம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஸ்பிரிட்டும் சாராயச் சத்துதானேய்யா! கதவைச் சாத்திட்டு நாள் பூரா அதை மூச்சுல இழுத்திருக்கீங்க. வெறுங்கையால வேற தேய்ச்சிருக்கீங்க. மாத்திரை அதோடதான் மல்லுக்கட்டியிருக்கு."

இத்தனை வருஷமாகக் கையிலேயே இருக்கிற வாசனை. எனக்குத் தோன்றவே இல்லை.

மாத்திரையை மாற்றினார். இது குடிக்கணும் என்கிற ஆசையைக் குறைக்குமாம். கையுறை போடணும், கதவைத் திறந்து வைக்கணும்.

"இதைப் போட்டுக்கிட்டுக் குடிச்சா முகம் சிவக்குமா?" என்று கேட்டாள் இவள்.

"சிவக்காதும்மா."

பஸ்ஸில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இனி அவளுக்குச் சாட்சி ஏது? என் பேச்சு மட்டும்தான். விடிந்தால் போகிற பேச்சு.

ஜூன் 17
மீசைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றான். வடையும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூன் 23
பை பரண்மேல் இருக்கிறது. எப்போது ஏற்றினாள் என்று தெரியவில்லை.

காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு அவள் பாட்டுக்குச் சமையலறைக்குப் போய்விட்டாள். தனியாக விழுங்கினேன். என்னவோ போல இருந்தது. பின்னாலேயே போய் "ஆ" என்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாயை மூடுங்க, ஈ நுழையப் போகுது" என்றாள்.