சாட்சிக்கு வீட்டில் இடமில்லை

கோலார் தங்கவயல்
4 ஜனவரி 1937

என் செல்ல மகள் யூனிஸுக்கு,

அப்பா எழுதுவது. உன் அண்ணன் வீட்டில் கர்த்தர் தயவால் எல்லோரும் சௌக்கியம். ஜட்கா வண்டிக்காரர் மேல் இருந்த கொலை வழக்கில் நீ விடுதலை வாங்கிக் கொடுத்ததைப் பத்திரிகையில் பார்த்தேன். "மிஸ் யூனிஸ், பாரிஸ்டர்" என்ற வரியை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். சர்ச், தபாலாபீஸ், சுரங்க ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது. தற்பெருமை பாவம் என்றார் போதகர். மகளைப் பற்றிய பெருமையை அவர் அதில் சேர்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு என் சிநேகிதன் ஓஸ்வால்ட் வீட்டு பிரியாணி அமிர்தம். கேஸ் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த உனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் அவன் மருமகள் பவுலின் எல்லோருக்கும் இடது கையால் பரிமாறினாள்! "ஏம்மா, பெரியவங்களுக்கு இந்தக் கைதானா?" என்று கேலி செய்தேன். இந்தக் காலத்துப் பெண்களை என்ன சொல்வது?

இப்போது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அல்சூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாளாம். புருஷன் பெர்னார்ட் அடித்தான் என்று பிரிந்து வாழ வழக்காம். ஓஸ்வால்ட் அழாத குறையாக எழுதியிருக்கிறான். அவன் மகனுக்காக நீ ஆஜராவாய் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் இங்கே வந்த பிறகு நம் வீட்டில் உன் வக்கீல் கழுத்துப் பட்டைக்கு யார் கஞ்சி போடுகிறார்கள்?

அன்புள்ள அப்பா,
யூஜின்

* * *

காக்ஸ் டவுன், பெங்களூர்
8 ஜனவரி 1937

அன்பும் மதிப்புமுள்ள அப்பாவுக்கு,

கஞ்சி போடுவது வண்ணான். போர்டு மாதிரி விறைப்பாக்கிவிடுகிறான், தாடையைக் குத்துகிறது.

நீங்கள் கொடுத்த வாக்கை நான் காப்பாற்ற முடியாது. பவுலின் போன வாரமே என்னிடம் வக்காலத்துக் கொடுத்துவிட்டாள். எங்கள் தொழிலில் ஆள் பார்த்து வழக்கு எடுப்பதில்லை, அப்பா. ஜட்கா ஸ்டாண்டில் முதலில் நிற்கிற வண்டியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் அல்லவா, அப்படித்தான். ஓஸ்வால்ட் மாமா முதலில் வந்திருந்தால் அவர் மகனுக்காகவும் நின்றிருப்பேன்.

காலையில் கிரிமினல் கோர்ட்டில் ஒரு சைக்கிள் திருடனுக்காக வாதாடினேன். மத்தியானம் ஜீவனாம்ச வழக்கு. நான் எழுந்தாலே இருமத் தொடங்கும் ஒரு சீனியர் இன்று இருமவில்லை. அதுவே வெற்றி என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள்
யூனிஸ்

* * *

கோலார் தங்கவயல்
13 ஜனவரி 1937

யூனிஸுக்கு,

ஓஸ்வால்டும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தவர்கள். உன்னை லண்டனுக்குக் கப்பலேற்றிய அன்று என்னோடு நின்று அழுதவன் அவன். அவனிடம் நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

பெர்னார்ட் நல்லவன் என்று சாட்சி சொல்ல ஓஸ்வால்ட் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். சம்மதித்துவிட்டேன். கோயில் பாடகர் குழுவில் அவனை எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். நீ உன் தொழிலைச் செய், நான் என் நட்பைச் செய்கிறேன்.

அப்பா

* * *

காக்ஸ் டவுன்
17 ஜனவரி 1937

அன்புள்ள அப்பாவுக்கு,

கெஞ்சிக் கேட்கிறேன், வராதீர்கள். வந்தால் உங்களை "சாட்சி" என்றுதான் கூப்பிடுவேன். மற்றவர்களைக் கேட்பது போலவே கேட்பேன். தோற்றால் பவுலினின் நான்கு வயது மகள் அந்த வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். அந்தக் குழந்தை கதவு சத்தமாகச் சாத்தினால் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்று. எதிர்த்தரப்புச் சாட்சியோடு தீர்ப்பு வரும்வரை நான் பேசக் கூடாது. அதனால் நீங்கள் நம் வீட்டில் தங்கவும் முடியாது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

யூனிஸ்

* * *

கண்டோன்மெண்ட் ரயில் நிலையம், பெங்களூர்
28 ஜனவரி 1937

என் கண்ணே யூனிஸ்,

நீ பேசக் கூடாது. பதில் எழுத வேண்டாம். நான் எழுதினால் யார் தப்பு சொல்வார்கள்?

வக்கீல் எனக்கு உறவா என்று ஜட்ஜ் கேட்டபோது, "நான் பெற்ற மகள், கனம் கோர்ட்டார் அவர்களே" என்றேன். சற்றுச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பின்வரிசையில் சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று பவுலினுக்கு ஒரு காயமும் இல்லை, ஓடியாடிப் பரிமாறினாள் என்று பெர்னார்ட் சத்தியம் செய்திருந்தான். அன்று அந்த மேஜையில் வெளியாள் நான் ஒருவன்தான். நீ எழுந்தாய். உனக்குக் குரல் நடுங்கவில்லை.

"சாட்சி, பவுலின் உங்களுக்கு எந்தக் கையால் பரிமாறினார்?"

"இடது கையால்."

"வலது கை?"

"சேலைத் தலைப்புக்குள்ளே இருந்தது."

"நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?"

"கேலி செய்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. பெர்னார்டும் சிரிச்சான்."

"பவுலின்?"

அப்போதுதான், மகளே, அந்தப் பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. தலைப்பு விலகியபோது வீங்கிய மணிக்கட்டைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. பார்த்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லிவிட்டேன். பெர்னார்டுக்காக ஏறிய கூண்டிலிருந்து பவுலினுக்காக இறங்கினேன்.

இடது கை பற்றி நான் எழுதிய கடிதத்தை நீட்டி என்னை மடக்கியிருக்கலாம். நீ நீட்டவில்லை. அப்பா உண்மையைச் சொல்வார் என்று நம்பிக் கேட்டாய். அந்த நம்பிக்கைக்கு முன்னால் பத்திரிகையில் வந்த பெயரெல்லாம் தூசு.

தங்க இடம் கொடுத்திருந்த ஓஸ்வால்ட் என் பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டான். அவன் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கும் வலிக்கிறது. வழியில் நம் வீட்டைத் தாண்டித்தான் ஜட்கா வந்தது. மாடியில் விளக்கு எரிந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

உன் பட்டை வலது பக்கம் கோணியிருந்தது.

அப்பா

* * *

காக்ஸ் டவுன்
9 பிப்ரவரி 1937

என் அப்பாவுக்கு,

இன்று தீர்ப்பு. பவுலின் தனியே வாழலாம், குழந்தை அவளிடமே இருக்கும். நேரில் கண்டதை மறைக்காமல் சொன்ன சாட்சி என்று ஜட்ஜ் உங்கள் பெயரை வாசித்தபோது நானும் எழுந்து சத்தமாக, "நான் பெற்ற அப்பா" என்று உளறியிருப்பேன். நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அன்று மாடியிலிருந்து உங்கள் ஜட்காவைப் பார்த்தேன். கூப்பிடாமல் நின்றதுதான் இந்த வழக்கில் எனக்கு ஆகக் கஷ்டமான வேலை.

வழக்கு முடிந்துவிட்டது. சாட்சியோடு இனிப் பேசலாம். பட்டைகளை வண்ணானுக்குப் போடவில்லை. உங்கள் அறையைத் திறந்து வைத்திருக்கிறேன், வாருங்கள்.

உங்கள் மகள்,
யூனிஸ்