விதானை முதலில் அடைத்த வக்கடை

ஆடி 9, வெள்ளி

வாய்க்காலின் கீழ்ப்பக்கம் என் பயிர் வாடுகிறது. மேல்வயல்களுக்குத் தண்ணீர் பாயும் வக்கடைகளை அடைக்கும்படி நீர்ப்பாசன அதிகாரி காலையில் உத்தரவிட்டார். அதிகாரம் அவரிடம்தான், ஆனால் ஒருவரும் அசையவில்லை. செல்வாக்கு மேல்வயல்களின் பெரிய நிலக்காரரான போடியாரிடம். அவர் முறைத்ததும் அதிகாரியே குரலைத் தாழ்த்தினார்.

பின்னேரம் வட்டைவிதானை வந்தார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட நாங்கள் கூட்டத்தில் கைதூக்கித் தெரிந்தெடுத்தவர். முதலில் மேல்பக்கத்திலுள்ள தன் வயலின் வக்கடையை மண் வெட்டிப் போட்டு அடைத்தார். பிறகு, “போடியார், நீங்களும் அடைங்க. கீழ நம்மட பிள்ளைர வெள்ளாமை காயுது” என்றார்.

போடியார் மண்வெட்டியை வாங்கினார்.

இதை அதிகாரம் என்று எழுத மனம் வரவில்லை. செல்வாக்கும் இல்லை. வேறு சொல் தெரியவில்லை. அந்த மனுசன் நல்லாயிருக்கட்டும்.

பொழுதுபட என் வயல் நனைந்தது. ஒருவரும் சொல்லாமலே வக்கடையை அடைத்துவிட்டு வந்தேன். எனக்குக் கீழே இன்னும் ஒரு வயல் இருக்கிறது.