சொன்ன காரணம்

மார்ச் 4, செவ்வாய்

சும்மா நிற்பதற்குத் தடை இன்று முதல் அமல். பொது இடத்தில் காரணமில்லாமல் அரை மணிக்கு மேல் நின்றால் எச்சரிக்கைச் சீட்டு. மூன்று சேர்ந்தால் கோர்ட். நகராட்சியில் அதைத் தட்டச்சு செய்ததே நான்தான். சீட்டில் ‘சொன்ன காரணம்’ என்று ஒரு கட்டம் வேண்டும் என்று அடம்பிடித்தேன். மனிதர்களை வாயைத் திறக்கவாவது விடுங்கள் என்றேன். அதிகாரி சிரித்துக்கொண்டே சேர்த்தார்.

வீட்டில் இவரிடம் பெருமையாகச் சொன்னேன். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 7, வெள்ளி

காவலர்கள் எழுதும் சீட்டுகள் என் மேசைக்குத்தான் வருகின்றன, கணினியில் ஏற்ற. இன்றைய காரணங்கள்: ‘வீட்டில் மாமியார்.’ ‘கால் வலி.’ ‘நீ ஏன் நிற்கிறாய்?’ — இதையும் அந்தக் காவலர் ஒழுங்காக எழுதியிருக்கிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் கதவு எண். எங்கள் தெரு. இவர் பெயர்.

இடம்: பூங்கா வாசல். காலை 10.10 முதல் 12.40 வரை. சொன்ன காரணம்: மனைவிக்காகக் காத்திருக்கிறேன். கீழே காவலர் குறிப்பு: மனைவி வரவில்லை.

எந்த மனைவி? அந்த நேரத்தில் இவர் குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் என் ஆபீசுக்கு எதிரிலேயே! எவ்வளவு துணிச்சல்! இந்த வயசுல இதெல்லாம் வேற கேக்குதா இந்த மனுஷனுக்கு?

மார்ச் 12, புதன்

குடோனுக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அவரை வேலைய விட்டு அனுப்பி மூணு வாரமாச்சேம்மா. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வாரமாக நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிட்டார்? உட்கார்ந்தா, நின்றுகொண்டா? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்ல முடியாதா? நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? கோபம் கோபமாக வருகிறது. அழுகையும்தான்.

மார்ச் 13, வியாழன்

கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். “இன்னைக்கு குடோன்ல ஒரே தூசி” என்றார். நாளைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இப்போது பொய்யில் எனக்கும் பங்கு.

மார்ச் 17, திங்கள்

இரண்டாவது சீட்டு. அதே வாசல், அதே காரணம், அதே குறிப்பு: மனைவி வரவில்லை.

அரை மணி நேரம் ஸ்டேப்ளருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? எண்ணிட்ட சீட்டு, தெரியும். என் வேலையும் போனால் இரண்டு பேரும் எந்த வாசலில் போய் நிற்பது? ஏற்றிவிட்டேன்.

இன்னும் ஒன்று வந்தால் கோர்ட் நோட்டீஸ். அதையும் நான்தான் அடிக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

தூக்கமே இல்லை. அவரும் புரண்டுகொண்டே இருந்தார்.

மார்ச் 19, புதன்

பதினொரு மணிக்கு மேல் நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. தலைவலி மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

பூங்கா வாசலில் காவலர் சீட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்திருந்தார். இவர் தோளில் பையோடு, அதில் நான் காலையில் மடித்து வைத்த துண்டோடு, மனைவிக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டேன்,” என்றேன். மூச்சு வாங்கியது.

காவலருக்கு என்னை ஆபீசில் பார்த்த பழக்கம். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடாமலே பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. வேலை போய்விட்டது என்றார். தெரியும் என்றேன். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா, என் ஆபீஸ் எதிரில்தானா என்று மட்டும் கேட்டேன்.

“உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் தினமும் வந்தேன்,” என்றார். “நீ மத்தியானம் கீழ இறங்குவேன்னு பாத்தேன். நீ இறங்கவே இல்ல.”

நான் மேசையிலேயே சாப்பிடுகிறவள்.

மார்ச் 20, வியாழன்

காலையில் பை இல்லாமல், வேலை தேடப் போவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

நேற்றைய சீட்டு, குறுக்கே கோடு போட்டு, தட்டில் இருந்தது. ரத்தான சீட்டை ஏற்ற வேண்டிய அவசியமில்லை. ஏற்றினேன். சொன்ன காரணம்: மனைவிக்காக. காவலர் குறிப்பு: மனைவி வந்துவிட்டார்.

பிறகு சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.