ஆடு இல்லைன்னு சொன்ன மகன்

ஆடி 12, செவ்வாய்.

ரெண்டு மாசமா எனக்குக் காய்ச்சல். நெஞ்சுல வெச்ச செயற்கை வால்வுல கிருமி ஒட்டியிருக்குன்னு டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். மூணு தடவை ரத்தம் எடுத்தும் எந்தக் கிருமின்னு தெரியல.

இன்னிக்கு, "வீட்ல ஆடு மாடு இருக்கா?"ன்னு கேட்டாங்க. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில சூப்பர்வைசராச்சே என் மகன், கௌரவம் பார்த்து "இல்ல மேடம்"ன்னுட்டான்.

"இன்னாடா இல்ல? நாலு ஆடு இருக்குதும்மா. சித்திரையில ஒண்ணு குட்டி போட்டப்ப, நான்தான் வெறுங்கையால இழுத்தேன்"னேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து உக்காந்தாங்க. ஆடு குட்டி போடறப்ப தொத்துற கிருமி ஒண்ணு இருக்காம். அதுக்குன்னு தனி டெஸ்ட் எழுதினாங்க.

வீட்டுக்குத் திரும்பறப்ப ரயில்ல, "மானத்த வாங்கிட்டியேம்மா"ன்னான்.

"நான் பொழைக்கணுமா, உன் மானம் பொழைக்கணுமா?"ன்னேன்.

இவன் படிச்சதே ஆட்டுக்குட்டி வித்துத்தான். டாக்டரம்மா கேட்டா அதையும் சொல்லுவேன்.