மாப்பிள்ளை இறக்கிய பிக்கப்

மார்ச் 4, செவ்வாய்

தங்கை வீட்டுக்காரருக்குப் புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. இருபத்து மூன்று வருடம் ஓடித் தேய்ந்த பிக்கப் வண்டியை நான்கு அங்குலம் தாழ்த்த வேண்டுமாம். வயது நாற்பத்தாறு, தலையில் பாதி முடி இல்லை. என் பட்டறைக்கே வந்து போனில் படம் காட்டினார். எல்லாம் தரையை உரசிக்கொண்டு போகிற வண்டிகள்.

"நீங்கதான் மச்சான் செஞ்சு தரணும்."

"நாலு டயர்லயும் காத்தப் புடுங்கி விடுங்க மாப்ள, தானா இறங்கிடும்" என்றேன். பட்டறையே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் எரிச்சல்.

மார்ச் 6

தங்கை போன். "ஆசையா கேக்குறாருண்ணா, செஞ்சு குடேன்." முடியாது என்றேன். இந்தக் கோமாளித்தனத்துக்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

மார்ச் 15

தானே செய்கிறாராம்! ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று தெரியாத மனுஷன்.

மார்ச் 23, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், வேறு எதற்கு? வண்டிக்கு அடியில் படுத்தேன். பின் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்து, போல்ட்டெல்லாம் ஒழுங்காக இறுக்கியிருக்கிறார். வயிறு எரிந்தது.

அப்புறம் கிடைத்தது. பின் பிரேக் வால்வு! வண்டியின் பின்பாகம் தாழ்ந்தால், பாரம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அது பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். காலி வண்டியில் ஈர ரோட்டில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதன் கம்பியைக் கொஞ்சம் மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை. தொடவே இல்லை, மேதாவி.

நான் சொல்லவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன்.

"எப்படி மச்சான்?"

"ம்... பரவாயில்ல."

இரண்டு தடவை தடுமாறட்டும், தானாக வந்து கெஞ்சுவார்.

மார்ச் 24

சொல்லியிருக்கலாமோ? சே. பெரிய மெக்கானிக் ஆகிவிட்டாரே, அவரே கண்டுபிடிக்கட்டும்.

ஏப்ரல் 2

மழை. ஓட்டியது தங்கை. குறுக்கே நாய் வந்திருக்கிறது, மிதித்திருக்கிறாள், வண்டி சுற்றிக்கொண்டு போய் மதிலில் இடித்திருக்கிறது. வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை — ஒன்றுமில்லை.

வாரத்தில் நான்கு நாள் அவள்தான் அந்த வண்டியை எடுக்கிறாள். எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான் மச்சான். நீங்க அடியில படுத்துப் பாத்தப்புறம்தான் அவகிட்ட சாவியக் குடுத்தேன்."

நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஏப்ரல் 5

இருவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து வெளியே போனார். தங்கைதான் கேட்டாள்: "பாத்துட்டு... சும்மாவாண்ணா வந்த?"

மே 11

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற பட்டறையில் பிக்கப் நின்றது. அங்கே இருப்பவனுக்கு ஸ்பேனரை ஒழுங்காகப் பிடிக்கக்கூட வராது. வண்டிக்கு அடியில் கிடந்தபடி, கண்ணில் படுகிற துருவையும் கசிவையும் ஒன்றுவிடாமல் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். தங்கை கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"வேற ஏதாவது இருக்கா, நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று குனிந்து அவனிடம் கேட்டாள்.